மலையகத்தில் நாயைக் குளிப்பாட்டப் போகிறீர்களா? காயவைக்கும் இடத்தை முதலில் பாருங்கள்

கொழும்பிலோ மட்டக்களப்பிலோ யாழ்ப்பாணத்திலோ நாய் வளர்த்துப் பழகியவர்கள் மாற்றலாகி நுவரெலியா, ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கம் வரும்போது அங்கிருந்த பழக்கத்தையும் கூடவே கொண்டுவருகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை குழாயடியில் கட்டி வைத்து, சவர்க்காரம் போட்டு, நான்கு வாளி ஊற்றி அவிழ்த்துவிட்டால் அரை மணி நேரத்தில் காய்ந்துவிடும். கீழே அது சரி. நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கும் ஊர். மலை ஊற்றிலிருந்து குழாய் வழியாக விழும் பீலித் தண்ணீரில் நம் கையே விறைத்துப்போகும். வெயில் அடிக்கிறதே என்று நாயை நனைத்து முடிப்பதற்குள் மூட்டம் இறங்கிவிடும்.

எங்கள் வீட்டில் இருப்பது அடர்ந்த மயிர் உள்ள அல்சேஷன் கலப்பு. மேலே வந்த முதல் மழைக்காலம் முழுவதும் அதன் தோலோடு போராடினோம். நாற்றம், சொறிச்சல், வட்ட வட்டமாக மயிர் உதிர்தல் என்று ஒன்று மாறி ஒன்று வந்தது. ஆளாளுக்கு ஒரு எண்ணெய், ஒரு இலை சொன்னார்கள். மிருக வைத்தியர் முதுகு மயிரை விரலால் பிரித்துக் காட்டினார்: மேல்மயிர் காய்ந்திருந்தது, அடியில் பஞ்சு போன்ற உள்மயிர் ஈரமாகவே கிடந்தது. இந்தக் குளிரில் நாயைக் கழுவும் வேலை கால் மணி நேரம்தான். காயவைக்கும் வேலை மீதி நாள் முழுவதும். கீழே எழுதியிருக்கும் எல்லாமே இந்த ஒரு விஷயத்தை வைத்துத்தான்.

1. நாளையும் நேரத்தையும் பாருங்கள்

மலையகம் முழுவதற்கும் ஒரே மழைக்காலம் கிடையாது. ஹட்டன், மஸ்கெலியா, தலவாக்கலை, நுவரெலியாப் பக்கம் மே தொடங்கி செப்டெம்பர் வரை தென்மேல் மழை. அந்த மாதங்களில் நாள் கணக்கில் சூரியனைக் காண முடியாது. அங்கே இருப்பவர்களுக்கு ஜனவரி முதல் ஏப்ரல் வரைதான் நல்ல காலம். ஆனால் ஜனவரி, பெப்ரவரியில் நுவரெலியாவில் விடியற்காலைப் புல்லில் உறைபனி படியும். வெயில் ஏறும்வரை பொறுக்க வேண்டும்.

பதுளை, பண்டாரவளை, ஹப்புத்தளைப் பக்கம் கணக்கு வேறு. ஒக்டோபரிலிருந்து ஜனவரி வரை மழை பிடித்துக்கொள்ளும். ஜூன், ஜூலை, ஆகஸ்டில் வானம் வெளுத்திருக்கும், ஆனால் காற்று விடாது. வெயிலைப் பார்த்து ஏமாறாதீர்கள். நனைந்த நாய்க்கு அந்தக் காற்றுதான் ஆபத்து. சுவர் மறைவில் வைத்துக் குளிப்பாட்டுங்கள்.

நேரம்: காலை பத்து மணிக்கு ஆரம்பித்து பதினொன்றுக்கு முன் தண்ணீர் வேலையை முடித்துவிடுங்கள். பிற்பகலில் மூட்டமும் மழையும் வருவது இங்கே வழக்கம். மாலையில் வேலை முடிந்து வந்து குளிப்பாட்டுகிற பழக்கம் இங்கே வேண்டவே வேண்டாம். நாய் ஈரத்தோடு படுத்து இரவு முழுவதும் நடுங்கும்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை? ஆரோக்கியமான நாய்க்கு நான்கு முதல் ஆறு வாரங்களுக்கு ஒருமுறை தாராளமாகப் போதும். அடைமழைக் காலத்தில் அதையும் தள்ளிப்போடலாம். சேறு பட்டால் காலையும் வயிற்றையும் மட்டும் கழுவித் துடையுங்கள். வைத்தியர் மருந்து ஷாம்பு எழுதிக் கொடுத்திருந்தால் அவர் சொன்ன இடைவெளிதான் கணக்கு.

எட்டு வாரம் ஆகாத குட்டி, காய்ச்சலில் கிடக்கும் நாய், குட்டி ஈன்று சில நாளே ஆன தாய், அறுவைத் தையல் பிரிக்காத நாய் ஆகியவற்றைக் குளிப்பாட்ட வேண்டாம். ஈரத்துணியால் துடைத்தாலே போதும். தடுப்பூசி போட்ட அன்றும் வேண்டாம்.

2. தடுப்பூசி அட்டை, அலுவலகம், செலவு

குளிப்பாட்டுவதற்கு எதற்கு ஆவணம் என்று தோன்றும். காரணம் இருக்கிறது. சாதுவான நாய்கூட தண்ணீரைக் கண்டு பயந்து கடிக்கும். அந்த நேரத்தில் வைத்தியசாலையில் கேட்கப்படும் முதல் கேள்வி, நாய்க்கு விசர் தடுப்பூசி போட்டிருக்கிறதா, அட்டை எங்கே என்பதுதான். ஆகவே முதல் குளியலுக்கு முன்பே இவற்றைச் சரிசெய்துகொள்ளுங்கள்.

விசர் தடுப்பூசியை வருடம் ஒருமுறை போட வேண்டும். அரசாங்கம் இதை இலவசமாகவே போடுகிறது. உங்கள் பகுதி சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலோ பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமோ அடுத்த முகாம் எப்போது, எந்தத் தோட்டத்தில் என்று கேளுங்கள். ஊசி போட்டதும் அட்டையை வாங்காமல் திரும்பாதீர்கள். அதில் திகதியும் ஒப்பமும் இருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள். மழை ஈரத்தில் காகிதம் பூத்துப்போகும் ஊர் இது. பொலித்தீன் உறையில் போட்டு வையுங்கள், கைத்தொலைபேசியில் ஒரு படமும் எடுத்துக்கொள்ளுங்கள்.

நாயை மாநகர சபை, நகர சபை அல்லது பிரதேச சபையில் பதிவு செய்ய வேண்டும் என்பது சட்டம். போகும்போது தடுப்பூசி அட்டையையும் உங்கள் அடையாள அட்டையையும் கொண்டுபோங்கள்.

பிறகு ஒரு கொப்பி வைத்துக்கொள்ளுங்கள். குளிப்பாட்டிய திகதி, உண்ணி மருந்து கொடுத்த திகதி, நாயின் எடை மூன்றும் அதில் இருக்கட்டும். எடையை அறிய, நாயைத் தூக்கிக்கொண்டு எடை மெஷினில் ஏறி, பிறகு தனியே ஏறி, கழித்துக்கொள்ளலாம். உண்ணி மருந்தெல்லாம் எடைக்கு ஏற்ற அளவில் வருவதால் இந்த எண் இல்லாமல் பாமசிக்குப் போவதில் பயனில்லை.

செலவில் பெரியது ஷாம்பு. நாய்க்கான ஷாம்பு நகரக் கடைகளில் கிடைக்கும். போத்தல் விலையைப் பார்த்து வாங்காமல் எத்தனை மில்லிலீற்றர் என்று பாருங்கள். சிறிய போத்தல் பார்வைக்கு மலிவாகத் தெரியும், கணக்குப் போட்டால் அதுதான் கூடுதல். தண்ணீரில் கரைத்து ஊற்றினால் ஒரு போத்தல் பல மாதம் வரும். சுடுதண்ணீருக்கு ஆகும் மின்சாரம் பயப்படும் அளவுக்கு இல்லை. கேத்தலில் ஆறு லீற்றர் கொதிக்கவைக்க அரை யூனிட்டுக்குச் சற்று மேல்தான் போகும். விறகு அடுப்பு இருந்தால் அதுவும் இல்லை.

தோல் வியாதி என்று சந்தேகம் வந்தால் கடைக்காரரிடம் மருந்து கேட்காமல் அரச மிருக வைத்திய அலுவலகத்துக்குப் போங்கள். மாடு பார்க்க வைத்தியர் வெளியே போயிருக்கலாம், ஆகவே முதலில் தொலைபேசியில் கேட்டுவிட்டுப் புறப்படுங்கள். ஆட்டோவுக்குக் கொடுக்கும் காசு வீணாகாது. அங்கே சரிவராத சிக்கலான வியாதிக்குப் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் மிருக வைத்திய போதனா வைத்தியசாலை இருக்கிறது. நுவரெலியா, ஹட்டன் பக்கத்திலிருந்து போனால் ஒரு முழு நாள் ஒதுக்க வேண்டும். பழைய மருந்துச் சீட்டுகளை எடுத்துப்போக மறக்காதீர்கள்.

3. எதைப் பாவிக்கலாம், எதைத் தொடக்கூடாது

வேண்டியவை குறைவு. இரண்டு வாளி, ஒரு ஜக், நாய் ஷாம்பு, பல்லுள்ள சீப்பு, காதுக்குப் பஞ்சு, வழுக்காமல் இருக்கக் காலடியில் போட ஒரு ரப்பர் விரிப்பு, குறைந்தது மூன்று துவாய். துவாய் இல்லாவிட்டால் பழைய பருத்திச் சாரமோ சேலையோ போதும், அது ஈரத்தை நன்றாக இழுக்கும்.

சாக்கு விரிப்பவர்களுக்கு ஒரு சொல். உரம் வந்த சாக்கு, புல்லு மருந்து (களைகொல்லி) வைத்திருந்த சாக்கு, அந்தப் போத்தல், அந்த வாளி எதையும் கழுவிவிட்டோம் என்று நாய்க்குப் பாவிக்காதீர்கள். தோட்டங்களில் இந்தச் சாக்குகள் சும்மா கிடைப்பதால் எல்லார் வீட்டிலும் இருக்கும். நாய் அதை நக்கும், அதன்மேலேயே படுக்கும்.

தொடக்கூடாதவை இன்னும் சில. நாம் பூசும் ஷாம்புவும் உடுப்புச் சவர்க்காரமும் நாயின் தோலுக்குப் பொருந்தாது. நம்முடைய தோலைவிட நாயின் தோலில் அமிலத் தன்மை குறைவு. நம்முடையதைப் போட்டால் தோல் வறண்டு சொறியத் தொடங்கும். உண்ணிக்கு மண்ணெண்ணெய் தடவச் சொல்வார்கள். அது தோலைப் புண்ணாக்கும், நக்கினால் நுரையீரல்வரை கெடுக்கும். பினாயில் போன்ற தரை கழுவும் திரவங்களும் அப்படியே. மாட்டு உண்ணிக்கு வாங்கி வைத்திருக்கும் மருந்தில் கொஞ்சம் நாய்க்கு ஊற்றுவது மாடு வளர்க்கும் வீடுகளில் நடக்கிறது. அந்த அளவும் கலவையும் மாட்டுக்கானது. சின்ன நாய் அதைத் தாங்காது.

4. தண்ணீர் படுவதற்கு முன் உடம்பைத் தேடுங்கள்

முதலில் காய்ந்த மயிரை வாருங்கள். சிக்கு விழுந்த மயிர் நனைந்தால் இன்னும் இறுகிக்கொள்ளும், அதன் அடியில் தங்கும் ஈரம் காயவே காயாது. பொமரேனியனுக்கும் அல்சேஷனுக்கும் இந்த ஒரு வேலைக்கே அரை மணி போகும்.

வாரிக்கொண்டே இரத்தம் உறிஞ்சும் அட்டைப் பூச்சியையும் உண்ணியையும் பாருங்கள். அட்டை விரலிடுக்கு, காதின் உள்மடிப்பு, தொடையிடுக்கு, கண்ணோரம் ஆகிய இடங்களில் ஒட்டியிருக்கும். பிடித்து இழுக்க வேண்டாம். தோலில் ஒட்டியிருக்கும் மெல்லிய நுனிக்கு அடியில் நகத்தைக் கொடுத்துப் பக்கவாட்டில் தள்ளினால் விடும். இரத்தம் உடனே நிற்காது. அட்டையின் உமிழ்நீர் இரத்தத்தை உறையவிடாது. சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்திருங்கள், நின்ற பிறகு குளிப்பாட்டலாம்.

ஓடைத் தண்ணீர் குடிக்கும் நாய்களுக்கு மூக்குக்குள் அட்டை போய்விடுவதுண்டு. ஒரு பக்க மூக்கில் மட்டும் இரத்தம், விடாத தும்மல், தலையை உதறிக்கொண்டே இருத்தல் என்றால் அதுவாக இருக்கலாம். உப்புத் தண்ணீரோ தேசிக்காய்ச் சாறோ மூக்கில் விடாதீர்கள். மிருக வைத்தியரிடம் கொண்டுபோங்கள்.

உண்ணியைத் தோலோடு ஒட்டிச் சிறு இடுக்கியால் பிடித்து நேராக இழுங்கள், நசுக்க வேண்டாம். நிறைய உண்ணி இருந்து, நாய் சோர்ந்து, ஈறு வெளுத்து, சிறுநீர் கறுத்துப் போனால் அது உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். அன்று குளியல் இல்லை, நேரே வைத்தியரிடம்தான்.

கழுத்தில் சொட்டுவிடும் உண்ணி மருந்து போட்டால், அதற்கு முன்னும் பின்னும் இரண்டு நாள் குளிப்பாட்டக்கூடாது. அந்த மருந்து தோல் எண்ணெயில்தான் பரவுகிறது. முதல் நாள் ஷாம்பு போட்டால் மருந்துக்குக் கொடுத்த காசு தண்ணீரோடு போய்விடும். கொப்பியில் திகதி எழுதச் சொன்னது இதற்கும்தான்.

5. தண்ணீரைக் கலக்கும் கணக்கு

நாயின் உடம்பு நம்முடையதைவிடக் கொஞ்சம் சூடு, 38 முதல் 39 பாகை. குளிக்கும் தண்ணீர் 37, 38 பாகையில் இருந்தால் இதமாக இருக்கும். வெப்பமானி வேண்டாம். இங்குள்ள குழாய்த் தண்ணீருக்கு, கொதித்த தண்ணீர் இரண்டு பங்கு, பச்சைத் தண்ணீர் ஐந்து பங்கு என்று கலந்தால் ஏறக்குறைய அந்தச் சூட்டில் நிற்கும். வாளியில் பச்சைத் தண்ணீரை முதலில் ஊற்றி, பிறகு கொதிநீரைச் சேருங்கள். கலக்கி, முழங்கையை உள்ளே விட்டுப் பாருங்கள். சூடென்றோ குளிரென்றோ தெரியாமல் இருந்தால் சரி.

நடுத்தர நாய்க்கு இருபது லீற்றர் போல வேண்டும். எல்லாவற்றையும் நாயை நனைப்பதற்கு முன்பே தயார் செய்துவிடுங்கள். பாதியில் நிறுத்தி, நுரையோடு நாயை நிற்கவைத்துக் கேத்தல் கொதிக்கக் காத்திருப்பதுபோல் கொடுமை வேறில்லை. இரண்டாவது வாளியை மூடி வையுங்கள், இல்லாவிட்டால் பத்து நிமிடத்தில் ஆறிவிடும்.

இடம் பற்றி ஒன்று. பீலிக்கு மேல்பக்கமும் குடிதண்ணீர் எடுக்கும் ஓடையோரத்திலும் நாயைக் கழுவாதீர்கள். அந்தத் தண்ணீர் கீழே உள்ள லயத்துக்கு, அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளுக்குப் போகிறது. வாசலில் ஒரு மூலையில், அழுக்குத் தண்ணீர் கானுக்குப் போகும்படி வைத்துக்கொள்ளுங்கள். கையில் வெட்டுக்காயம் இருந்தால் கையுறை போடுங்கள். எலிக்காய்ச்சல் நாய்க்கும் வரும், நாயின் சிறுநீரிலிருந்து நமக்கும் வரும்.

6. குளிப்பாட்டுதல்

சாப்பிட்டவுடன் வேண்டாம், இரண்டு மணி நேரம் போகட்டும். ஒரு சின்ன நடை கூட்டிப்போய் வந்தால் நாய் அடங்கி நிற்கும். கழுத்துப் பட்டியைப் பிடிக்க இன்னொருவர் இருப்பது நல்லது. சங்கிலியை இறுக்கித் தூணில் கட்ட வேண்டாம். வழுக்கினால் கழுத்து இறுகிவிடும்.

காதில் பஞ்சை மெல்ல வையுங்கள், உள்ளே திணிக்க வேண்டாம். காலிலிருந்து ஆரம்பித்து மேலே வாருங்கள். முதல் ஜக் தண்ணீரை முதுகில் ஊற்றினால் நாய் மிரளும், அடுத்த முறை வாளியைக் கண்டாலே ஓடும். ஷாம்புவை ஒரு ஜக் இளஞ்சூட்டுத் தண்ணீரில் கரைத்து ஊற்றி, தோல்வரை விரலால் தேயுங்கள். மருந்து ஷாம்பு என்றால் பெரும்பாலும் பத்து நிமிடம் தோலில் இருக்க வேண்டும், லேபிளைப் படியுங்கள். அந்தப் பத்து நிமிடமும் துவாயை மேலே போர்த்தி வைத்திருங்கள், குளிராது.

முகத்துக்குத் தண்ணீர் ஊற்றவே வேண்டாம். ஈரத்துணியால் துடையுங்கள்.

அலசுவதில் அவசரப்படாதீர்கள். அக்குள், வயிறு, வாலடி ஆகிய இடங்களில் நுரை தங்கும். தங்கிய நுரையும் ஈரமும் சேர்ந்துதான் பிறகு சொறியாகிறது. கையால் தடவினால் வழவழப்பு இல்லாமல் இருக்கும்வரை அலசுங்கள்.

இடையில் நாய் கடித்துவிட்டால் மற்றதெல்லாம் பிறகு. காயத்தை ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அரச வைத்தியசாலைக்குப் போங்கள். நம் வீட்டு நாய்தானே என்று இருந்துவிடக் கூடாது. தடுப்பூசி அட்டையையும் கொண்டுபோங்கள்.

7. காயவைத்தல்

முதலில் நாயை உதற விடுங்கள். பிறகு கையால் மயிரை வழித்துத் தண்ணீரை இறக்குங்கள். அதன் பின்தான் துவாய். தேய்க்க வேண்டாம், தேய்த்தால் சிக்கு விழும். அழுத்தி அழுத்தி ஒற்றி எடுங்கள். ஒரு துவாய் நனைந்ததும் அடுத்தது. இங்கே ஒரே துவாயைப் பிழிந்து பிழிந்து பாவிப்பதில் பலனில்லை, காற்றிலேயே ஈரம் இருக்கிறது. காதுப் பஞ்சை எடுத்துவிட்டு, காதின் உள்மடிப்பை உலர்ந்த துணியால் துடையுங்கள். மழைக்காலத்தில் காது நாற ஆரம்பிப்பது இங்கிருந்துதான்.

வெயில் இருந்தால் காற்றுப் படாத இடத்தில் கட்டி, அரை மணிக்கு ஒருமுறை மயிரைப் பிரித்துச் சீவுங்கள். வெயில் இல்லையென்றால் அடுப்படிதான் நல்ல இடம். அடுப்பிலிருந்து ஆறடியாவது தள்ளி, உலர்ந்த சாக்கோ பலகையோ போட்டுப் படுக்கவிடுங்கள். சீமெந்துத் தரையில் நேரே படுத்தால் வயிற்றுப் பக்கம் காயாது. ஹேர் டிரையர் இருந்தால் குறைந்த சூட்டில், ஒரு முழம் தள்ளி, ஓர் இடத்தில் நிறுத்தாமல் அசைத்துக்கொண்டே இருங்கள். உங்கள் மற்றக் கையை எப்போதும் நாயின் தோலில் வையுங்கள், உங்களுக்குச் சுட்டால் அதற்கும் சுடும். ஈரக் கையோடு சுவிட்சைத் தொட வேண்டாம்.

கரியைத் தட்டில் போட்டு அறைக்குள் வைத்துக் குளிர்காயும் வழக்கம் இங்கே உண்டு. கதவு, ஜன்னலை மூடிக்கொண்டு அப்படிச் செய்து நாயைக் காயவைக்காதீர்கள். கரிப்புகையில் உள்ள காபன் மொனொக்சைட்டுக்கு நாற்றம் கிடையாது. அதே காம்பராவில் படுக்கும் பிள்ளைகளுக்கும் அது உயிராபத்து.

காய்ந்துவிட்டதா என்று பார்க்க மேலே தடவிப் பார்த்தால் போதாது. முதுகு, கழுத்துப் பட்டிக்கு அடி, தொடையின் பின்புறம், விரலிடுக்கு நான்கிலும் மயிரைப் பிரித்துத் தோலில் விரல் வையுங்கள். குளிர்ச்சியாக இருந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. அடர்ந்த மயிர் நாய்க்கு நான்கைந்து மணி நேரம்கூட ஆகும். கழுத்துப் பட்டியையும் தனியாகக் காயவைத்துவிட்டு மாட்டுங்கள். எல்லாம் காயும்வரை தேயிலை மலைக்குள் அவிழ்த்துவிட வேண்டாம். ஈர மயிரில் அட்டையும் மண்ணும் சீக்கிரம் ஏறும்.

நடுக்கம் கொஞ்ச நேரம் இருப்பது இயல்பு. துவாய் சுற்றியும் அரை மணி நேரத்துக்கு மேல் நடுங்கினால், அல்லது நடுக்கம் நின்று நாய் தள்ளாடிச் சோர்ந்து படுத்தால், உடல் வெப்பம் இறங்குகிறது என்று பொருள். போத்தலில் சுடுதண்ணீர் நிரப்பி, துணி சுற்றி, வயிற்றுப் பக்கம் வைத்து, போர்த்திக்கொண்டு வைத்தியரிடம் போங்கள். கிழட்டு நாயும் குட்டியும் இதில் சீக்கிரம் விழும்.

8. மழை மாதங்களில்

தென்மேல் மழையில் இரண்டு மாதம் குளிக்காமல் இருப்பதால் நாய்க்கு ஒன்றும் ஆகாது. இளஞ்சூட்டுத் தண்ணீரில் துணியை நனைத்து இறுகப் பிழிந்து, பகுதி பகுதியாகத் துடைத்து, உடனுக்குடன் உலர்ந்த துணியால் ஒற்றிவிடுங்கள். ஒரு நாள் முன்பாதி, மறுநாள் பின்பாதி என்றும் செய்யலாம். நாங்கள் இப்போது அப்படித்தான் செய்கிறோம், தோல் வியாதி திரும்ப வரவில்லை.

புல்லுக்கு மருந்து அடித்த மலைக்குள் நாய் போய் வந்தால் மட்டும் காத்திருக்க வேண்டாம். மழையோ வெயிலோ, நக்குவதற்கு முன் நான்கு காலையும் வயிற்றையும் இளஞ்சூட்டுத் தண்ணீரில் கழுவித் துடையுங்கள். எந்த மலையில் எப்போது மருந்து அடிக்கிறார்கள் என்று கங்காணியிடம் முன்கூட்டியே கேட்டு வைத்தால் அந்த நாட்களில் கட்டி வைக்கலாம்.

9. பூனையும் முயலும்

பூனை தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ளும். எண்ணெயோ பெயின்டோ பட்டால் தவிரக் குளிப்பாட்ட வேண்டாம். நாய்க்கு வாங்கிய உண்ணி மருந்தையோ உண்ணி ஷாம்புவையோ பூனைக்குப் போடவே கூடாது. அவற்றில் பலவற்றில் இருக்கும் பெர்மெத்ரின் பூனையைக் கொன்றுவிடும். டெட்டோல் கலந்த தண்ணீரும் பூனைக்கு நஞ்சு. நாய்க்குக் கழுத்தில் மருந்து போட்ட நாளில், அது காயும்வரை பூனையை நாயோடு சேர்ந்து படுக்கவிடாதீர்கள். முயலைத் தண்ணீரில் நனைக்கவே வேண்டாம். அந்தப் பயத்திலேயே செத்துப்போகக்கூடியது அது. அழுக்குப் பட்ட இடத்தை மட்டும் ஈரத்துணியால் துடைத்து, உடனே உலர்த்திவிடுங்கள்.